ரயில்வே ஆபீஸில் ஒரு துணிப்பெட்டி!

கோலாலம்பூர் என்றதும் உங்களுக்கு எது ஞாபகம் வரும்? வானத்தைத் தொடும் இரட்டைக் கோபுரங்களா? பத்துமலை அடிவாரத்தில் தங்க நிறத்தில் தகதகவென்று நிற்கும் முருகனா? மலேசியா போய் வந்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் இந்த இரண்டைத்தான் சொல்வார்கள். அப்புறம் கடைத்தெரு. அதைச் சொல்லாமல் விட மாட்டார்கள்!

ஆனால் புடவை என்றால் உயிரை விடும் நம் வாசகிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஓர் இடம் அதே ஊரின் நடு மத்தியில் இருக்கிறது. டத்தாரான் மெர்டேக்கா என்ற சுதந்திரச் சதுக்கத்துக்கு எதிர்ப்புறம், சிவப்புச் செங்கல்லும் வெள்ளைச் சுண்ணாம்புமாக வரி வரியாகக் கோடிட்ட ஒரு பழைய கட்டிடம். தலையில் குட்டிக் குட்டியாகக் கும்மட்டங்கள், குதிரை லாடம் போல வளைந்த வாசல்கள். தூரத்திலிருந்து பார்த்தால், 'அடடே, நம்ம ஊர்க் கோயில் மதில் மாதிரி பட்டை அடிச்சிருக்காங்களே!' என்று தோன்றும். இதுதான் மலேசியாவின் தேசிய ஜவுளி அருங்காட்சியகம்.

நகை மியூசியம் கேள்விப்பட்டிருக்கிறோம், நாணய மியூசியம் கேள்விப்பட்டிருக்கிறோம். துணிக்கென்று ஒரு மியூசியமா? அதில் அப்படி என்னதான் இருக்கும்? கேளுங்கள்.

சென்னைக்கு ஒரு தூரத்து உறவு

முதலில் கட்டிடத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். இது கட்டப்பட்டது 1905-ம் வருடம். வரைபடம் போட்டவர் ஆர்தர் பெனிஸன் ஹபக் என்ற ஆங்கிலேயர். அதே ஊரில் அழகுக்குப் பேர் போன ஜாமெக் மசூதியும் (1909), பழைய ரயில் நிலையமும் (1910) அவர் கைவண்ணம்தான்.

பக்கத்திலேயே மணிக்கூண்டோடு நிற்கும் சுல்தான் அப்துல் சமாட் கட்டிடம் இதற்கு அக்கா மாதிரி. 1897-ல் எழும்பியது. அதைக் கட்டும்போது இன்ஜினீயராக இருந்தவர் ஸ்பூனர். இலங்கையில் வேலை பார்த்துவிட்டு மலாயாவுக்கு வந்தவர். மேல்நாட்டுப் பாணி வேண்டாம், கீழ்நாட்டுப் பாணியில் கும்மட்டமும் வளைவுமாகக் கட்டலாம் என்று யோசனை சொன்னவர் அவர்தான். பிற்பாடு அவரே ரயில்வேக்கும் தலைவரானார்.

இந்தக் கலப்புப் பாணி நமக்கு ஒன்றும் புதிது இல்லை. 1870-களில் சென்னைப் பல்கலைக்கழகத்து செனட் ஹவுஸ் இப்படித்தான் எழும்பியது. 1892-ல் நம் ஹைகோர்ட்டும் இதே குடும்பத்தில் பிறந்ததுதான். ஆகவே கோலாலம்பூரில் இந்தக் கட்டிடத்தைப் பார்க்கும் சென்னைவாசிகளுக்கு, எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று தோன்றினால் ஆச்சரியப்பட வேண்டாம். தூரத்து உறவுதான்!

இது முதலில் மலாய் ஐக்கிய மாநிலங்களின் ரயில்வே தலைமை ஆபீஸாக இருந்தது. ரயில்வே என்றால் அங்கே நம்மவர்கள் இல்லாமலா? தண்டவாளம் போடக் காட்டை வெட்டியவர்களில் பெரும் பகுதி தமிழ்நாட்டுக் கூலியாட்கள். ஆபீஸ் நாற்காலிகளிலும் ஸ்டேஷன் மாஸ்டர் அறைகளிலும் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் ஏராளம். ரயில்வேக்காரர்களின் குவார்ட்டர்ஸ் இருந்த பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் இன்றைக்கும் மல்லிகைப்பூவும் மசால் தோசையும் கிடைப்பதற்கு அதுதான் காரணம்.

1917-ல் ரயில்வேக்கு இன்னும் பெரிய கட்டிடம் கிடைத்துவிட்டது. அதன் பிறகு இந்தக் கட்டிடத்தில் ஒன்று மாற்றி ஒன்றாக அரசாங்க ஆபீஸ்கள் குடியிருந்தன. கொஞ்ச காலம் கைவினைப் பொருள் மையமாகவும் இருந்தது. 1926-ல் வெள்ளம் பார்த்த ஊர் இது. 1971-லும் பார்த்தது. 1957 ஆகஸ்ட் 30-ம் தேதி நள்ளிரவில் எதிர் மைதானத்தில் ஆங்கிலேயர் கொடி இறங்கியபோதும் இந்தக் கட்டிடம் இங்கேதான் நின்றுகொண்டிருந்தது. கடைசியில் 2010 ஜனவரியில் இதைத் துணிகளுக்கென்றே ஒதுக்கிவிட்டார்கள்.

நூறு வருஷம் தாண்டிய கட்டிடத்துக்கு இதைவிடப் பொருத்தமான குடித்தனம் அமைந்திருக்க முடியாது என்பது என் அபிப்பிராயம்.

ஏன் இத்தனை இருட்டு?

துணி மியூசியம் எதற்குப் போனாலும் முதலில் கண்ணில் படுவது துணி இல்லை, இருட்டு! "காசு செலவு பண்ணி வந்திருக்கோம், ரெண்டு லைட்டைச் சேர்த்துப் போட்டா என்னவாம்?" என்று முணுமுணுக்கத் தோன்றும்.

காரணம் இருக்கிறது. துணிக்கு வெளிச்சம் விஷம். செங்கல் கட்டிடம் வெயில், மழை, வெள்ளம் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு நூறு வருஷம் நிற்கும். பட்டு நிற்காது. வெளிச்சம் பட்டால் சாயம் வெளுக்கும். அதோடு போனால் பரவாயில்லை, நூலின் பலமே குறைந்துகொண்டு வரும். ஒரு நாள் பட்ட வெளிச்சத்தின் கேடு மறுநாள் ஆறிப்போவதில்லை. சிறுகச் சிறுகச் சேர்ந்துகொண்டே போகும். சேர்ந்த கேட்டை எந்த வைத்தியராலும் திருப்ப முடியாது.

உச்சி வெயிலின் வெளிச்சம் சுமார் 1 லட்சம் 'லக்ஸ்' என்று கணக்கு. பழந்துணிகள் இருக்கும் கூடத்தில் 50 'லக்ஸ்' போதும் என்பது உலகம் முழுவதும் மியூசியங்கள் வைத்திருக்கும் பொதுவான அளவு. அங்கே இருட்டடிக்கிறார்களே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் பேத்தியும் பார்க்கட்டும் என்றுதான் நமக்குக் கொஞ்சம் குறைத்துக் காட்டுகிறார்கள்.

நாலு கூடம், நாலு உலகம்

உள்ளே நாலு கூடங்கள். ஒவ்வொன்றுக்கும் அழகான மலாய்ப் பெயர்.

முதலாவது 'போஹோன் பூடி'. போஹோன் என்றால் மரம், பூடி என்றால் நற்குணம். (பூடி வேறு ஒன்றும் இல்லை, நம் 'புத்தி'தான் கடல் தாண்டிப் போயிருக்கிறது!) துணி பிறக்கும் கதை இங்கே. மரப்பட்டையை அடித்துத் துணியாக்கிய காலத்திலிருந்து நூற்பது, சாயம் தோய்ப்பது, நெய்வது, அதற்கான கருவிகள் எல்லாம்.

இரண்டாவது 'பெலாங்கி'. அப்படியென்றால் வானவில். முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கும் ஒரு வகைப் பட்டுக்கும் மலாயில் இதே பெயர்தான். மதுரைச் சுங்குடி கட்டியவர்களுக்கு வேலையின் நுட்பம் பார்த்தவுடன் புரிந்துவிடும். மெழுகு வைத்து வண்ணம் ஏற்றும் பாத்திக், சபா மாநிலத்துப் பெண்களின் லினாங்கிட் என்ற ஊசி வேலை, சீன வம்சத்து 'நியோன்யா' மாமிகளின் பூத்தையல் போட்ட கெபாயா ரவிக்கை என்று கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள். கெபாயாவை மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர், புரூணை, தாய்லாந்து ஐந்து நாடுகளும் சேர்ந்து முன்மொழிய, 2024-ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. ஐந்து ஓரகத்திகள் ஒரே நகைக்குச் சண்டை போடாமல் ஒற்றுமையாக வந்த மாதிரி!

இந்தக் கூடத்தில் பெண்கள் சற்று நின்று பார்க்க வேண்டியது 'பூவா கும்பு'. சரவாக் மாநிலத்தில் நீண்ட வீடுகளில் கூட்டாக வாழும் ஈபான் மக்களின் நெசவு இது. பாவு நூலைத் தறியில் ஏற்றுவதற்கு முன்பே, சாயம் பிடிக்கக் கூடாத இடங்களையெல்லாம் நாரால் இறுக்கிக் கட்டி, அப்புறம் சாயத்தில் முக்குவார்கள். பிரித்தால் நூலிலேயே சித்திரம் வந்திருக்கும். சிவப்புச் சாயம் எதிலிருந்து தெரியுமா? நம் ஊர் நுணா மரத்தின் உறவான மெங்குடு வேரிலிருந்து.

சாயம் நூலில் ஒட்ட வேண்டுமானால் முதலில் நூலைப் பக்குவப்படுத்த வேண்டும். இஞ்சி வகைகள், உப்பு, எண்ணெய் எல்லாம் அளவு பார்த்துச் சேர்க்கிற அந்தச் சடங்குக்கு 'ங்ஙார்' என்று பெயர். அளவு தெரிந்தவள்தான் நெசவாளிகளில் தலைமகள். அந்த வேலைக்கே 'காயாவ் இண்டு', அதாவது 'பெண்களின் போர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆண்களுக்குப் போர்க்களத்தில் என்ன மரியாதையோ அதே மரியாதை பெண்ணுக்குத் தறியில்! பிறந்த குழந்தையை முதன் முதலில் ஆற்றில் நீராட்டக் கொண்டுபோகும்போதும் இந்தத் துணிதான். கடைசி யாத்திரைக்கு முன் உடலைச் சுற்றித் திரை கட்டவும் இந்தத் துணிதான்.

மூன்றாவது கூடம் 'தெலோக் பெராந்தாய்'. சங்கிலி போலப் பின்னிக்கொண்டு போகும் ஒரு கரைச் சித்திரத்தின் பெயர் அது. மலாய் மக்களின் ராஜ உடைகள் இங்கேதான். வெல்வெட்டில் அட்டை வைத்து அதன்மேல் தங்க நூலை மேடாகத் தைக்கும் பேராக் மாநிலத்துத் 'தெக்காட்', சரவாக் மலாய்ப் பெண்களின் தங்க இழைத் தலை முக்காடான 'கெரிங்காம்', சோழியால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய துணியில் மர அச்சால் பசை ஒற்றித் தங்கத் தகடு பதிக்கும் 'தெலெபோக்'... ஒவ்வொன்றும் ஒரு விதம்.

இவை எல்லாவற்றுக்கும் மகாராணி, சொங்கெட். திரெங்கானு, கிளந்தான் மாநிலங்களில் கைத்தறியில் நெய்யும் ஜரிகைத் துணி. 'சுங்கிட்' என்றால் நெம்பி எடுப்பது. குச்சியால் பாவு நூல்களை எண்ணி நெம்பி, இடையில் தங்க இழையை விட்டு நெய்வதால் அந்தப் பெயர். காஞ்சிபுரத்தில் அடை போட்டுப் புட்டா எடுக்கிறார்களே, அதற்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் அரச குடும்பத்தாரும் பிரபுக்களும் மட்டும்தான் உடுத்தலாம். ஆனால் ஒரு நாள் மட்டும் குடியானவனுக்கும் அனுமதி உண்டு. அது அவன் கல்யாண நாள்! அன்றைக்கு அவன் 'ராஜா செஹாரி', அதாவது ஒரு நாள் ராஜா. 2021-ல் இந்தச் சொங்கெட்டும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. அவர்களும் துணிக்குத் தலை, உடல், கால் என்று அங்கங்கள் சொல்கிறார்கள். வேலைப்பாடு அதிகமாக உள்ள பகுதிக்குப் பெயர் 'கெப்பாலா'. அப்படியென்றால் தலை. நாம் முந்தானையை என்ன சொல்கிறோம்? தலைப்பு! அந்தத் தலையில் வரிசையாகக் கூம்பு கூம்பாக மேலெழும் சித்திரத்தை அவர்கள் மூங்கில் குருத்து என்கிறார்கள். நம் பாட்டிகள் அதையே கோபுரக் கரை என்பார்கள். அவரவர் கொல்லையில் எது தெரிகிறதோ அதன் பெயர்!

நாலாவது கூடமான 'ரத்னா சாரி'யில் அந்தத் துணிகளுக்கு ஏற்ற நகைகள். பொத்தான் இல்லாத சட்டையை முன்புறம் இணைக்க மூன்று மூன்றாக வரும் ஊசி நகை, இடுப்பில் கட்டும் பெரிய தகட்டுப் பூட்டு, கொண்டை ஊசிகள். நமக்கு நகையைப் பற்றிச் சொல்லித் தர வேண்டுமா என்ன? நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

பழவேற்காட்டுக் கைலி

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மலாய் ஆண்கள் வீட்டில் சாவகாசமாக இருக்கும்போதும், தொழுகைக்குப் போகும்போதும் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு அவர்கள் மொழியில் 'காயின் பெலிகாட்' என்று பெயர். காயின் என்றால் துணி. பெலிகாட் எது? சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில், ஏரியும் உப்பங்கழியுமாக இருக்கும் நம் பழவேற்காடு! வெள்ளைக்காரர்கள் வாயில் அது 'புலிகாட்' ஆகி, மலாய்க்காரர்கள் வாயில் 'பெலிகாட்' ஆயிற்று.

1613-ல் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்ததே துணிக்காகத்தான். கிழக்குத் தீவுகளில் மிளகும் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்க வேண்டுமானால் அங்கே வெள்ளியைவிடத் துணி சுலபமாகச் செல்லுபடியாகும். அந்தத் துணி எங்கே கிடைக்கும்? நம் சோழமண்டலக் கரையில். அவர்களுக்கு முன்பே, 1511-ல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடிப்பதற்கும் முன்பே, தமிழ் வியாபாரிகள் அந்தத் துறைமுகத்தில் துணி மூட்டையோடு இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். மலாய் மொழியில் கடைக்குக் 'கெடாய்', கப்பலுக்குக் 'காப்பால்', பெட்டிக்குப் 'பெத்தி'. கப்பலில் பெட்டியோடு போய்க் கடை வைத்தவர்கள் யார் என்று வேறு சாட்சி வேண்டுமா?

அதே போல மலாய் அரசர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் 'சிண்டாய்' பட்டு. பாவு, ஊடை இரண்டையும் முன்கூட்டியே கட்டிச் சாயம் தோய்த்து நெய்யும் குஜராத்துப் பட்டோலாதான் அது. கடல் தாண்டிப் போனதும் அதற்கு மந்திர சக்தி உண்டு என்று நம்ப ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்தோனேசியாவில் சுலவேசி என்று ஒரு தீவு. அதன் மலைப்பகுதியில் தொராஜா மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீடுகளில் இந்தியாவில் அச்சிட்டுச் சாயம் தோய்த்த துணிகள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றப்பட்டு வந்திருக்கின்றன. ஆராய்ந்து பார்த்ததில் சில துணிகளுக்கு 500, 600 வயசு! மூத்தவை குஜராத்திலிருந்து போனவை. பிற்காலத்தில் நம் சோழமண்டலக் கரையிலிருந்து போனவையும் உண்டு. அவர்கள் அதை வெட்டித் தைக்கவில்லை. தினசரி உடுத்தவும் இல்லை. தெய்வம் மாதிரி மூடி வைத்து, சடங்கு நாளில் மட்டும் வெளியே எடுத்தார்கள். இன்று உலகத்து மியூசியங்கள் போட்டி போட்டு வாங்கி வைத்திருக்கின்றன.

அந்த வயசில் அந்தத் துணிகளுக்கு ஜோடி நம் ஊரில் இருக்கிறதா என்று தேடினால் அநேகமாகக் கிடைப்பதில்லை. நெய்தவர்கள் நம்மவர்கள், காப்பாற்றியவர்கள் அவர்கள்!

"பழைய பட்டு இருக்காம்மா?"

நம் வீட்டில் என்ன நடக்கிறது? தெருவில் குரல் கேட்கிறது. "பழைய பட்டுப் பொடவை, ஜரிகை வேட்டி இருக்காம்மா?"

"அத்தை, உங்க கல்யாணக் கூரைப் புடவை கிழிஞ்சு கிடக்கே, போட்டுடலாமா?"

"போடுடி. இனிமே அதை யாரு கட்டப் போறா? மடிப்பெல்லாம் விட்டுப் போச்சு."

எடை போட்டுப் பணம் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அந்தப் புடவை எங்கே போகிறது தெரியுமா? நெருப்புக்கு! அசல் ஜரிகை என்பது வெள்ளிக் கம்பியைப் பட்டு நூலில் சுற்றித் தங்க முலாம் ஏற்றியது. பட்டை எரித்து, சாம்பலை உருக்கினால் வெள்ளி மிஞ்சும். அதற்காகத்தான் வாங்குகிறார்கள். அந்த வியாபாரியைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை, அது அவர் பிழைப்பு. ஆனால் நாம் கொடுத்தது வெள்ளி மட்டும்தானா?

இன்றைக்கு யாரும் போடாத ஒரு கரை, மறந்து போன ஒரு கோர்வை வேலை, இப்போது யாருக்கும் பக்குவம் தெரியாத ஓர் அரக்கு நிறம்... எல்லாம் அந்த நெருப்பில் போய்விடுகின்றன. பழைய சித்திரம் ஒன்றைத் திரும்ப நெய்ய நினைக்கும் நெசவாளி, வீடு வீடாகப் பழைய புடவை தேடுகிறார். மாதிரி இருந்தால்தானே நெய்வதற்கு?

எல்லாப் புடவையையும் கட்டிக் காக்க முடியாதுதான். பேத்திக்குப் பாவாடை தையுங்கள், தலையணை உறை போடுங்கள், ஒன்றும் தப்பில்லை. உடுத்துவதற்குத்தானே துணி? ஆனால் குடும்பத்துக்கு ஒன்று, ஒரே ஒன்று, நெருப்புக்குப் போகாமல் இருக்கட்டும். அதை எப்படிக் காப்பாற்றுவது? மியூசியக்காரர்கள் செய்வதையே கொஞ்சம் சுருக்கி நாமும் செய்யலாம்.

வீட்டிலேயே ஒரு குட்டி மியூசியம்

1. உடுத்திக் களைந்த பட்டை உடனே மடித்து உள்ளே வைக்காதீர்கள். வியர்வை பட்டையும் ஜரிகையையும் அரிக்கும். நிழலில், காற்றோட்டமாக ஒரு சில மணி நேரம் உலர விடுங்கள். வெயிலில் போடக் கூடாது.

2. பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம். உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். நன்றாகத் துவைத்து, கஞ்சி போடாத பழைய வெள்ளை மல் வேட்டிதான் உத்தமம். கஞ்சி இருந்தால் வெள்ளிப் பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி!

3. மரப் பெட்டியானாலும் இரும்பு பீரோவானாலும் தட்டில் நேராக வைக்காமல் முதலில் ஒரு பருத்தித் துணி விரியுங்கள். மழைக்காலத்தில் ஓதம் காக்கும் வெளிச்சுவரை ஒட்டி பீரோ இருந்தால் கொஞ்சம் நகர்த்திப் போடுங்கள்.

4. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் கிடந்தால் ஜரிகை அந்த இடத்திலேயே ஒடியும். மடிப்புக்கு நடுவே மெல்லிய துணியைச் சுருட்டி வைத்தால் இன்னும் நல்லது. மிகவும் நைந்து போனதை மடிக்காமல், துணி சுற்றிய குழாயில் உருட்டி வையுங்கள். கனமான ஜரிகைப் புடவையை ஹாங்கரில் தொங்கவிட்டால் தன் பாரத்தாலேயே கிழியும்.

5. ஜரிகை கறுத்துவிட்டதே என்று புளி, எலுமிச்சம் பழம் எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். முலாம் போய்விடும். சென்ட்டைப் புடவையின் மேல் நேராக அடிப்பதும் கூடாது.

6. அந்துருண்டை விஷயத்தில் மிகவும் ஜாக்கிரதை! பாச்சை உருண்டை என்கிறோமே, அந்த நாப்தலின் உருண்டை பட்டின் மேல் நேராகப் படக் கூடாது. அதைவிட முக்கியம், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் 'ஜி-6-பி-டி' என்ற என்ஸைம் குறைவாக இருக்கும். வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. அந்த உருண்டையோடு வைத்திருந்த துணியில் குழந்தையைச் சுற்றினாலே அந்த வாடையில் சிவப்பணுக்கள் உடைந்து, சோகையும் கடுமையான மஞ்சள் காமாலையும் வரக்கூடும். தவழும் குழந்தை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும் அபாயம் வேறு. பாட்டியின் பழம்புடவையில் குழந்தையைக் கிடத்துவது நம் வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் அந்தப் புடவை அந்துருண்டை வாசனை இல்லாததாக, துவைத்து உலர்த்திய நூல் புடவையாக இருக்கட்டும்.

7. அதற்குப் பதில் காய்ந்த வேப்பிலையோ வசம்போ ஒரு சிறு துணிப்பையில் முடிந்து, புடவையின் மேல் படாமல் ஓரத்தில் வையுங்கள். ஓரளவுக்குப் பூச்சி அண்டாது. இருந்தாலும் அடிக்கடி எடுத்துப் பார்ப்பதற்கு ஈடான மருந்து கிடையாது.

8. பூஞ்சை பிடித்த பழந்துணியை உதறும்போது வீட்டுக்கு வெளியே, மூக்கில் துணி கட்டிக்கொண்டு உதறுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த வேலையை மற்றவர்களிடம் விட்டுவிடுவதே உசிதம்.

ஒரு சீட்டு எழுதி வையுங்கள்

இதையெல்லாம் செய்துவிட்டு இன்னொன்றும் செய்ய வேண்டும். அதுதான் முக்கியம்.

மியூசியங்களில் இருக்கும் பழைய துணிகளில் எந்த ஊர், என்ன வேலைப்பாடு, ஏறக்குறைய எந்தக் காலம் என்பதெல்லாம் எழுதியிருக்கும். யார் நெய்தார்கள், யார் உடுத்தினார்கள் என்பது மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. ராஜாவின் பெயர் தங்கிவிடுகிறது. கட்டிடத்துக்கு வரைபடம் போட்டவர் பெயர்கூடத் தங்கிவிடுகிறது. மாதக்கணக்கில் குனிந்து பாவு நூலை எண்ணி நெம்பிய பெண்ணின் பெயர் தங்குவதில்லை. அந்தக் காலத்தில் யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

நம் வீட்டில் கேட்டு எழுத இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். மாமியாரையோ அம்மாவையோ உட்கார வைத்துக் கேளுங்கள். "இது யாரோட புடவை? எந்த வருஷம், எந்த ஊர்க் கடையில எடுத்தது? என்ன விலை? யாரு கல்யாணம்?" பெட்டியைத் திறந்ததும் அவர்களுக்கு எத்தனை கதை வருகிறது என்று பாருங்கள்! அதைப் பேனா மையில் எழுத வேண்டாம், ஈரம் பட்டால் மை ஊறிவிடும். பென்சிலால் ஒரு வெள்ளைத் துணி நாடாவில் சுருக்கமாக எழுதிப் புடவையோடு வையுங்கள். விவரம் முழுவதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். முந்தானை, கரை, உடல் மூன்றையும் நல்ல பகல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்துவிட்டால், அப்புறம் அடிக்கடி பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

கோலாலம்பூர் போகிறவர்கள் அந்தச் சிவப்பு வெள்ளைக் கட்டிடத்துக்கு ஒரு காலை வேளையை ஒதுக்குங்கள். பழைய கட்டிடம் ஆனதால் பராமரிப்புக்காக மூடி வைப்பதும் உண்டு. கிளம்புமுன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பெண் குழந்தைகளோடு பையன்களையும் அழைத்துப் போங்கள். துணி பெண்கள் சமாசாரம் என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

போக முடியாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. இந்த வெள்ளிக்கிழமை பீரோவின் அடித்தட்டைத் திறந்து, ஒரு புடவையை எடுத்து மடிப்பை மாற்றுங்கள். பக்கத்தில் பென்சிலும் நாடாவும் இருக்கட்டும்.